அண்டா போன வழி

ஆவாரங்குளத்துக்குப் போகிற தார்ச்சாலையில் லாரி போகும், ஆட்டு மந்தை போகும், ஒரு நாளைக்கு ஆறு நடை மினிபஸ் போகும், தலைமுறைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பேச்சியம்மாள் வகையறாவின் சீர்ப் பாத்திரங்களும் போகும். அந்த வீட்டுப் பெண்களை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தாலும் ஆவாரங்குளத்துக்குத் திரும்ப அந்த ஒரு சாலைதான். பாத்திரங்களுக்கும் அது தெரியும்.

முதலில் போனது பேச்சியம்மாளின் பாத்திரங்கள். கை நீட்டுகிற புருஷன், கல்யாணமாகி ஏழாவது வருஷம், ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அடுப்படிக்குள் போனால் சுவரில் கரிப்பிடித்த வட்டங்கள்தான் மிச்சம், பாத்திரம் ஒன்றுகூட இல்லை. வெளியே ஓடிவந்து பார்த்தாள். தூரத்தில் கண்மாய்க் கரையோரமாக அவளுடைய செம்பு முன்னால் உருள, குடங்கள் அதன் பின்னால் உருள, தாம்பாளங்கள் எழுந்து நின்று சக்கரமாய் ஓட, கரண்டிகள் எல்லாம் சமர்த்தாகத் தூக்குவாளிக்குள் ஏறிக்கொள்ள, கடைசியாக அண்டா நிறைமாதக்காரி நடையில் பக்கத்துக்குப் பக்கம் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு வரத்தான் பின்னால் ஓடினாள். ஓடி ஓடி நிமிர்ந்து பார்த்தால் அப்பன் வீட்டு வாசல். கால் வலிக்கிறது, சித்த உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தவள், அப்புறம் நாற்பது வருஷம் எழுந்து போகவில்லை.

அடுத்தது அவள் மகள் உலகம்மாள், அங்கன்வாடி டீச்சர். பக்கத்து ஊரில் இன்னொரு குடித்தனம் வைத்திருந்தவன் அவளுடைய புருஷன். சரியாக ஏழாவது வருஷம் அவளுடைய பாத்திரங்களும் கிளம்பின, மூன்று வயது மகள் செண்பகவடிவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் பின்னாலேயே நடந்தாள். கோர்ட்டில் விவாகரத்து எழுதும்போது சீர் சாமான்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றி நீதிபதி கேட்க, வக்கீல் எழுந்து "அவை முன்பே போய்விட்டன, யுவர் ஆனர்" என்றாராம். நீதிபதியும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பாத்திரங்கள் தாமாகவே போய்ச் சேர்ந்துவிட்டபடியால் அதுபற்றி உத்தரவு தேவையில்லை என்று எழுதினாராம். மூன்றாவதாக உலகம்மாளின் தங்கை ஆவுடைத்தங்கம். பொம்பளை சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்று சொன்னவனிடமிருந்து பாத்திரத்தோடு பாத்திரமாகச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தவள், ஆவாரங்குளம் கடைத்தெருவில் வளையல் கடை போட்டாள். கடைத்தெரு முழுக்க அந்தச் சிரிப்பு கேட்கும்.

சாலையோரத்து ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் மூக்கில் விரல் வைத்து நின்ற காலம் எப்போதோ போய்விட்டது. அவர்களுக்கு இருந்த கஷ்டம் ஒன்றே ஒன்று: காலிக் குடம் எதிரே வந்தால் ஆகாது. ஒரு குடம் என்றால் சற்று நின்று, எச்சில் துப்பிவிட்டுப் போகலாம், பன்னிரண்டு குடம் வரிசையாக எதிரே வந்தால் மனுஷன் என்ன செய்வான்? அதனால் பாத்திரங்கள் வருகிற சத்தம் கேட்டதுமே ஓடிப்போய் ஆளுக்கொரு வாளித் தண்ணீரைக் குடங்களில் ஊற்றிவிடுவார்கள். அப்புறம் அது நிறைகுடம், எதிரே வந்தால் மகா நல்ல சகுனம். ஆவுடையின் பாத்திரங்கள் வந்த அன்று அந்தச் சாலையில் இரண்டு வீட்டில் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள், ஒருவர் டிராக்டர் வாங்கப் போனார், எல்லாமே கூடி வந்தது. கண்டக்டர்கள் அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கலாமா கூடாதா என்று சங்கத்தில் பேசி, நடந்து போகிற வரைக்கும் கிழிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் செண்பகவடிவு தளவாயைப் பார்த்தாள். சித்தியின் பாத்திரங்களை எதிர்கொண்டு அழைக்க அவள் சாலைக்கு வந்திருந்தாள். அவன் மினிபஸ் ஓட்டிக்கொண்டு வந்தான். ஓடைப் பாலத்து ஏற்றத்தில் அண்டா ஏற முடியாமல் திணறி நிற்க, அவன் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அண்டாவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஏறினான். மேலே போய் இறக்கி வைத்துவிட்டு, "பாவம், மூச்சு வாங்குது பாருங்க" என்றான் அண்டாவைத் தடவிக்கொடுத்து. அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவள்தான் செண்பகவடிவு.

உலகம்மாள் சம்மதித்தாள், சீரும் செய்தாள், செம்பு முதல் அண்டா வரை அத்தனையிலும் 'உ. செண்பகவடிவு' என்று பெயரும் தேதியும் வெட்டிக் கொடுத்தாள். ஆனால் மகளைத் தளவாயின் ஊரான சுண்டங்கோட்டைக்கு வண்டியேற்றிவிட்ட நாளிலிருந்து அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. சீமந்தத்துக்கு வரவில்லை, பேத்தி கனியின் காது குத்துக்கும் வரவில்லை. "எங்கால் பட்டா ஆவாதுட்டி. நீயே கனியக் கூட்டிக்கிட்டு வா" என்பாள். செண்பகவடிவும் அதற்கு மேல் கேட்கமாட்டாள். கேட்டால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும்.

தாயைத் தண்ணித் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள். "எல்லாம் ரத்தத்துல வாரது" என்று செண்பகவடிவின் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் யாரும் இல்லாத மத்தியானத்தில் தன் விரலைத் தானே குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் அரைமணி நேரம் பார்த்தாள். சிவப்பணு இருந்தது, வெள்ளையணு இருந்தது, கொஞ்சம் சோகை இருந்தது. அண்டா எதுவும் தென்படவில்லை.

ஏழாவது வருஷம் பிறந்தது. செண்பகவடிவுக்குத் தளவாயைப் பிடிக்கும்; வண்டி துடைத்த கையோடு வந்து கன்னத்தைக் கிள்ளுவது, குளிக்கும்போது ஹாரன் சத்தம் மாதிரியே பாடுவது, எல்லாமே பிடிக்கும். அவனை விட்டுப் போகவேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் சண்டை போடுவதை அறவே நிறுத்தினாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலும் சிரித்தாள், உப்பில்லை என்று சொன்னாலும் "மன்னிச்சிருங்க" என்றாள், சம்பள நாளில் மூன்று கிலோ சேப்பங்கிழங்கை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதுகூட "ஆகா" என்றாள். மூன்று மாதம் இதைப் பார்த்த தளவாய் நடுங்கிப்போனான்.

"செம்பகம், ஒனக்கு ஒடம்புக்கு எதும் சரியில்லியா?"

"நல்லாத்தான இருக்கேன்."

"அப்ப ஏன் திட்டவே மாட்டேங்க? வீடு வீடு மாதிரியே இல்லட்டி. எதோ ஆஸ்பத்திரில இருக்காப்ல இருக்கு."

அவளுக்கு அழுகை முட்டியது, சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சீர்ப் பாத்திரங்கள் லாப்டில் இருந்தன. கல்யாணத்தன்று எப்படிக் கட்டி வந்ததோ அப்படியே, துணிக்கட்டோடு, கடைக்காரன் ஒட்டிய லேபிளோடு. ஏழு வருஷமாய் அதிலொரு டம்ளரில்கூட அவள் காப்பி ஆற்றியதில்லை. தேய்ந்துவிடும் என்று சொல்லிக்கொள்வாள். இப்போது பயத்தில் சைக்கிள் செயின் வாங்கி, அண்டாவின் காதில் கோத்துப் பூட்டி, சாவியை அரிசிப் பானைக்குள் போட்டாள்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், சீரில் அவள் வெளியே எடுத்த ஒரே சாமானான, கனிக்கு மருந்து புகட்டுகிற பாலாடையைக் காணோம். தேடினால் வாசப்படிக்கு வெளியே, மூக்கை ஆவாரங்குளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னதுதான் முதலில் போகும். மறுநாள் காலையில் லாப்டில் துணி கிழிகிற சத்தமும் செயின் அறுகிற சத்தமும் கேட்டது. செம்பு குதித்தது, டம்ளர்கள் குதித்தன, தாம்பாளங்கள் விளிம்பில் நின்று சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றின. அண்டா கடைசியாக இறங்கி, வாசப்படியில் கொஞ்சம் முட்டிக்கொண்டு, வழி கண்டுபிடித்து, தெருவில் இறங்கியது. எதிர்வீட்டுக்காரி வாளித் தண்ணீரோடு தயாராக நின்றாள், பாவம், அவள் மகனுக்கு அன்றைக்கு இண்டர்வியூ.

செண்பகவடிவு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாத்திரம் போன வழியே போவதுதான் அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம், போகாமல் இருந்தவள் ஒருத்தியும் கிடையாது. கனியை இடுப்பில் தூக்கினாள். தூக்கிய பிறகுதான், தன்னையும் இப்படித்தான் ஒருத்தி தூக்கிக்கொண்டு நடந்தாள் என்பது நெஞ்சில் தைத்தது, வாய்விட்டு அழுதாள்.

தளவாய் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான், கையில் பஸ் சாவி.

"ஏறு, போவோம்."

"நீங்க வரக் கூடாது."

"யார் சொன்னா?"

"இதுவரைக்கும் யாருமே வந்ததில்ல."

"யாரும் வரலன்னா வரக் கூடாதுன்னா அர்த்தம்? எனக்கு ரூட்டே அதாம்ட்டி" என்றான்.

ஏழே முக்கால் மினிபஸ் அன்றைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டரையும் முதல் கியரிலேயே போனது. முன்னால் பாத்திரங்கள், பின்னால் பஸ். பஸ்ஸுக்குள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பூக்காரிகள், கோழிக்கூடையோடு ஒரு கிழவர். யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. ஊருக்கு ஊர் ஆட்கள் ஓடிவந்து குடங்களில் தண்ணீர் ஊற்றினார்கள், ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் பஸ்ஸின் முன் கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை, பக்கத்தில் பெஞ்சாதி, மடியில் பிள்ளை. "என்னவே, நீரும் கூடப் போறீராக்கும்?" என்று ஒருவர் வாய் பிளந்தார். ஓடைப் பாலத்து ஏற்றத்தில் அண்டா வழக்கம்போல நின்றது. தளவாய் பஸ்ஸை நிறுத்தி, துண்டைச் சும்மாடு சுருட்டினான். ஏழு வருஷத்தில் தொந்தி விழுந்திருந்தது, இருந்தாலும் தூக்கிவிட்டான். மேலே இறக்கி வைத்துத் தடவிக்கொடுத்தான். செண்பகவடிவு அதைப் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தாள், ஏழு வருஷத்துக்கு முந்தின கண்ணோடு பார்த்தாள்.

ஆவாரங்குளத்தில் தெருவே கூடியிருந்தது. பாத்திரங்களுக்கு ஆரத்தி எடுப்பது அங்கே வழக்கம், பின்னால் வருகிற பெண்ணுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே அனுப்புவதும் வழக்கம். ஆவுடைத்தங்கம் தட்டோடு நின்றவள் பஸ்ஸிலிருந்து தளவாய் இறங்குவதைப் பார்த்ததும் தட்டை எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

"யக்கா! பாத்திரத்தோட மாப்ளையும் வந்துருக்காவ!"

உலகம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அறுபது வயதில் அவள் எதிர்பார்க்காதது உலகத்தில் அது ஒன்றுதான். "வாங்க மாப்ள" என்றாள், குரல் எங்கேயோ கேட்டது.

பாத்திரங்கள் யாரையும் சட்டை பண்ணாமல் நேராக அடுப்படிக்குள் போயின. பின்னால் போன செண்பகவடிவு நிலைப்படியிலேயே நின்றாள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஐந்து அடுக்குக் கடப்பைக்கல் அலமாரி. மேல் இரண்டு அடுக்கில் அம்மாவின் பழைய பித்தளைகள். கீழ் மூன்று அடுக்கும் காலி, ஒரு தூசி இல்லாமல் துடைத்து, போன வாரத்துப் பேப்பர் விரித்து, ஓரம் மடித்து. அதில் செம்பு தன் இடத்துக்கு ஏறியது, டம்ளர்கள் வரிசையாக ஏறின, அண்டா கீழ்க் கல்லில் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. இந்த அலமாரியை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அது காலி என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். அம்மாவின் சாமான்கள், முப்பது வருஷ அங்கன்வாடிப் பொம்மைகளும் படச் சார்ட்டுகளும், கட்டிலுக்கடியில் சாக்கு மூட்டைகளில் கிடந்தன.

"யம்மா, இந்த எடம் எப்பத்துலேருந்து காலியா கெடக்கு?"

உலகம்மாள் தரையைப் பார்த்தாள். "ஒன்ன வண்டியேத்தி அனுப்புனேம்லா, அன்னைக்குச் சாயந்தரத்துலேருந்து."

"அப்ப நான் எப்படியும் வந்துருவேன்னு…"

"நான் கூப்புடல தாயி, சத்தியமாக் கூப்புடல! வந்தா நிக்க எடம் வேணும்லா? எங்கம்மா எனக்கு வச்சிருந்தா. ஒன்ன இடுப்புல வச்சுக்கிட்டு நான் வந்து நின்னப்ப, இந்தக் கல்லத் தொடச்சு பேப்பர் விரிச்சிருந்துச்சு. அதப் பாத்த பொறவுதான் எனக்கு அழுக நின்னுச்சு. ஒனக்கு அதக் கூட நான் வைக்காட்டி என்ன தாயி நான்?"

செண்பகவடிவு கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கண்முன்னே வந்து நின்றது சுண்டங்கோட்டையில் அவளுடைய சொந்தச் சமையலறை. ஜன்னலுக்கு மேலே ஒரு நீளக் கல். கனிக்குக் காது குத்திய மறுநாள் அதிலிருந்த சாமானையெல்லாம் இறக்கியவள் அவள்தான். எதற்கு இறக்கினாள் என்று தளவாய் கேட்டதற்கு, சும்மா, இருக்கட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்துப் பேப்பர் மாற்றுகிறாள். நாலு வயதுப் பிள்ளை, இன்னும் பால் பல் விழவில்லை, அதற்குள் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து கனி திரும்பி வருவதற்கு இடம் தயார். ரத்தத்தில் தேடி என்ன பிரயோஜனம், அது அலமாரியில் அல்லவா இருந்திருக்கிறது! அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

அப்போது வாசலிலிருந்து தளவாய் கேட்டான், "அத்த, பாத்திரமெல்லாம் அதுஅது எடத்துல ஒக்காந்துட்டு. நான் எங்கன ஒக்கார?"

உண்மையில் அந்த வீட்டில் ஆண்பிள்ளை உட்கார ஒரு நாற்காலி கிடையாது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆவுடைத்தங்கம்தான் முதலில் சிரித்தாள், கடைத்தெரு வரைக்கும் கேட்கிற அந்தச் சிரிப்பு. பிறகு தெருவும் சிரித்தது, உலகம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடித்ததும் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஏழு வருசத்துல மாப்ள மொதத் தடவையா நாள் பாக்காம வந்துருக்காவ. சோறு போடாம அனுப்பவா?" என்று சொல்லிவிட்டு அண்டாவைப் பார்த்து அதட்டினாள், "ஏ, எறங்கு கீழ! வந்ததும் வராததுமா ஒக்காந்துக்கிட்டு!"

அண்டா இறங்கியது. லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்து, புளி போட்டுத் துலக்கி, முற்றத்தில் கல் கூட்டி ஏற்றினார்கள். தன் வயிற்றில் முதன்முதலாக உலை கொதிப்பது அண்டாவுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் நெளிந்தது. தவலையில் சாம்பார், சருவத்தில் பொரியல், டம்ளர்களில் பாயசம். பஸ்ஸில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்காரிகள், கோழிக் கிழவர் எல்லாருக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்துத் துலக்கிக் கவிழ்த்தபோது, ஏழு வருஷமாய் லாப்டில் பளபளவென்று இருந்த பாத்திரங்களில் அங்கங்கே கரியும் கீறலும் விழுந்திருந்தன, ஒரு தாம்பாளம் லேசாக நெளிந்தேவிட்டது. இப்போதுதான் பார்க்கக் குடித்தனப் பாத்திரமாக இருந்தன.

சாயங்காலம் உலகம்மாள் கட்டிலுக்கடியிலிருந்து சாக்கு மூட்டைகளை இழுத்தாள். பேப்பரை உருவி எறிந்துவிட்டு, கீழ்க் கல்லில் மர யானை, நடுக் கல்லில் சோழி, பல்லாங்குழி, மேலே 'அணில்' 'ஆடு' படச் சார்ட்டுகள் என்று அடுக்கினாள். கனி கூடமாட எடுத்துக் கொடுத்தாள். மூன்று அடுக்கும் நிறைந்துபோனது. நிறைந்த பிறகு உலகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பயந்த முகத்தோடு நின்றாள்.

கவிழ்த்த பாத்திரங்களைப் பஸ்ஸில் ஏற்றித் தளவாய் கொண்டுபோகப் பார்த்தான். ஆவுடை தடுத்தாள். "தானா வந்ததத் தூக்கிக்கிட்டுப் போவக் கூடாது மாப்ள. அது இஷ்டம்." பாத்திரங்களை முற்றத்திலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் ஊர் திரும்பினார்கள்.

ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. செண்பகவடிவு பழைய அலுமினியச் சட்டியில் சமைத்தாள், வெறும் லாப்டைப் பார்த்தாள். பாத்திரம் திரும்பாவிட்டால் அவள் மனதுக்குள் அந்த வீடு பாதி வீடுதான். மூன்றாம் நாள் தளவாய் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டான். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? கொடி எதுக்குக் கட்டி வச்சிருக்கு?" என்று அவள் கத்திய கத்தலில் கனி எழுந்துவிட்டாள். தளவாய்க்கு முகமெல்லாம் பல்.

நாலாம் நாள் காலை, தெருக்கோடி டீக்கடையில் கூச்சல் கேட்டது. அந்தச் சாலையில் யாரும் பார்த்திராத திசையில் பாத்திரங்கள் வந்துகொண்டிருந்தன. எந்தத் திசையில் வந்தால் என்ன, குடம் குடம்தானே, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி அனுப்பியிருந்தார்கள், தளும்பத் தளும்ப வந்தன. நெளிந்த தாம்பாளம் நொண்டிக்கொண்டு வந்தது. செண்பகவடிவின் அண்டா எல்லாவற்றுக்கும் பின்னால் இல்லை இந்தத் தடவை, நடுவில் வந்தது. அதற்கும் பின்னால், கடைசியாக, பாசியும் களிம்பும் ஏறின ஒரு பழைய பித்தளை அண்டா அசைந்து அசைந்து வந்தது. கழுத்தில் 'பே. உலகம்மாள்' என்று பெயர் வெட்டியிருந்தது.

அந்த அண்டாவுக்குப் பின்னால், கையில் ஒரு வயர்க் கூடையோடு, மூச்சு வாங்க, "நில்லு! நில்லுன்னு சொல்லுதேம்லா, மூதேவி!" என்று ஏசிக்கொண்டே உலகம்மாள் வந்தாள்.

அண்டா வாசப்படி ஏறி உள்ளே போய்விட்டது. உலகம்மாள் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டாள். ஒரு காலைத் தூக்கினாள், மறுபடியும் கீழே வைத்தாள்.

"நான் வரலட்டி. அதப் புடிச்சுட்டுப் போவத்தான் வந்தேன்" என்றாள்.

"பதினெட்டுக் கிலோமீட்டர் நடந்திருக்க, கால் வலிக்கும்லா" என்றாள் செண்பகவடிவு. "உள்ள வந்து சித்த ஒக்காந்துட்டுப் போம்மா."

கனி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். வீடு அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தபோது, அவளுடைய பித்தளை அண்டா ஜன்னலுக்கு மேலிருந்த அந்த நீளக் கல்லில், வெள்ளிக்கிழமை விரித்த பேப்பரின் மேலே, இனி எதற்கும் இடமில்லாதபடி நன்றாகப் பரத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எத்தன நாளைக்கு இருப்ப ஆச்சி?" என்று கனி கேட்டாள்.

"கால் வலி போற வரைக்கும்" என்று சொல்லி, தளவாய் இழுத்துப் போட்ட நாற்காலியில் உலகம்மாள் உட்கார்ந்தாள்.